மனை வாங்கும் முன் அக்கம்பக்கத்து விலையை ஷீட்டில் போட்டுப் பார்ப்பது எப்படி

மதுரை ரிங் ரோட்டைத் தாண்டி ஒரு மனை பார்த்தேன். புரோக்கர் ஒரு விலை சொன்னார், டீக்கடையில் ஒருவர் அதில் பாதி சொன்னார், மனைக்காரர் இரண்டையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். எது நிஜம் என்று தெரியாமல் மூன்று வாரம் அலைந்தபிறகுதான் உறைத்தது: அக்கம்பக்கத்தில் நடந்த எல்லாக் கிரையமும் பதிவுத்துறை இணையதளத்தில் இருக்கிறது, பார்க்கக் காசும் இல்லை. அதை எடுத்து ஒரு கூகுள் ஷீட்டில் போட்டால் போதும். போட்டேன். முதல் தடவை எல்லாம் தப்பாக வந்தது, இரண்டாம் தடவையும் பாதி தப்பு. அந்தத் தப்புகளை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்குத்தான் இது.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். இதில் கணக்கு சின்ன வேலை, பள்ளிக்கூடத்து வகுத்தல் போதும். எந்தப் பத்திரத்தில் இருக்கும் தொகையை நம்பலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும் என்று பிரிப்பதுதான் பெரிய வேலை. 6, 7 இரண்டையும் மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

மனையின் புல எண் (சர்வே நம்பர்), உட்பிரிவு எண், வருவாய்க் கிராமத்தின் பெயர், அது எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வருகிறது, இந்த நான்கும் வேண்டும். விற்பவரின் பத்திர நகல் ஒன்று கிடைத்தால் நான்கும் அதிலேயே இருக்கும். நகல் தரத் தயங்கினால் பட்டா எண்ணையாவது கேட்டு வாங்குங்கள், அரசின் இ-சேவை தளத்தில் பட்டா, புலப்படம் (புலத்தின் எல்லைகளை வரைந்த படம்) இரண்டையும் இலவசமாகப் பார்க்கலாம்.

கவனம்: ஊர் பெயரும் வருவாய்க் கிராமத்தின் பெயரும் பல இடங்களில் வேறு வேறு. பஸ் போர்டில் இருக்கும் பெயரைப் போட்டுத் தேடி, ஒன்றுமே இல்லையே என்று நான் ஒரு மாலையை வீணடித்தேன்.

2. எந்தப் புல எண்களைத் தேடுவது

உங்கள் மனையின் புல எண்ணை மட்டும் தேடினால் நாலைந்து பத்திரம்தான் கிடைக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. புலப்படத்தை எடுத்துப் பாருங்கள், உங்கள் புலத்தைச் சுற்றி ஓரங்களில் பக்கத்துப் புல எண்கள் எழுதியிருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கும் பக்கத்தில் இருப்பவை என்று ஒரு சுற்று விரித்தால் பத்துப் பன்னிரண்டு எண்கள் சேரும். ஒரே லேஅவுட் பல புல எண்களில் பரந்து கிடப்பது சாதாரணம், அதனால் லேஅவுட் வரைபடம் கிடைத்தால் இன்னும் நல்லது.

மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள புலங்களைச் சேர்க்காதீர்கள். ரோட்டைத் தாண்டினால் விலை வேறு.

3. வில்லங்கத்தை இறக்குவது

பதிவுத்துறை தளத்தில் கணக்குத் தொடங்கி உள்நுழைந்து, மின்னணு சேவைகளில் வில்லங்கச் சான்று பார்வையிடுதல் என்பதற்குப் போங்கள். வில்லங்கம் என்பது அந்தப் புல எண்ணில் பதிவான பத்திரங்களின் பட்டியல். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், தொடக்க நாள், முடிவு நாள் கேட்கும். பார்வையிடக் கட்டணம் கிடையாது. கையொப்பமிட்ட சான்று வேண்டுமென்றால்தான் பணம் கட்ட வேண்டும், விலை பார்ப்பதற்கு அது தேவையே இல்லை.

எத்தனை வருடத்துக்கு? சொத்தின் உரிமை சரியா என்று பார்க்க வக்கீல்கள் முப்பது வருடம் கேட்பார்கள். அது வேறு வேலை, இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். விலைக்கு மூன்று வருடம் போதும், பத்திரம் குறைவாக இருந்தால் ஐந்து.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில கிராமங்கள் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கும், அப்படியானால் மாற்றத்துக்கு முந்தைய பத்திரங்கள் பழைய அலுவலகத்தின் பெயரில் கிடக்கும். ஏதோ ஒரு மாதத்துக்கு முன் ஒன்றுமே நடக்காதது போலத் தெரிந்தால் இதுதான் காரணமா என்று பாருங்கள்.

ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு பிடிஎஃப் வரும். கோப்புக்குப் புல எண்ணையே பெயராக வையுங்கள். நான் வைக்கவில்லை, கடைசியில் ஒரே பெயரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினொரு கோப்பு.

4. ஷீட்டைத் திறந்ததும் செய்ய வேண்டியது

ஒரு எழுத்து அடிப்பதற்கு முன் இரண்டு வேலை. முதலில் கோப்பு அமைப்பில் நாடு இந்தியா என்று மாற்றுங்கள். அமெரிக்காவாக இருந்தால் 05/03/2024 என்று நீங்கள் அடிக்கும் மார்ச் 5 மே 3 ஆகிவிடும், ஷீட் வாயைத் திறக்காது. வில்லங்கத்தில் தேதி மாதப் பெயரோடு வரும், அதே மாதிரி அடித்தால் இந்தத் தொல்லை குறையும்.

அடுத்து, புல எண், ஆவண எண் என்ற இரண்டு பத்திகளையும் (மேலிருந்து கீழே ஓடும் கட்டங்கள்) மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, வடிவத்தை வெறும் எழுத்து என்று மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் நான் எக்செலில் 12/3 என்று புல எண்ணை அடித்தேன். அது 12 மார்ச் ஆகிவிட்டது. சரி, இப்போது எழுத்தாக மாற்றலாம் என்று மாற்றினால் 45 ஆயிரத்துச் சொச்சம் என்று ஏதோ ஒரு எண் வந்து நின்றது. எக்செல் தேதியை உள்ளே அப்படித்தான் வைத்திருக்கும், பழைய 12/3 திரும்ப வராது. நாற்பது வரிசையைத் திரும்ப அடித்தேன்.

பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டலாமே என்றால், எனக்குத் தமிழ் எழுத்துகள் எல்லாம் கொம்பும் காலும் இடம் மாறி வந்தன, கட்டங்களும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கையால் அடிப்பதுதான் வேகம். ஐம்பது பத்திரத்துக்கு இரண்டு மாலை ஆகும்.

5. எந்தெந்தப் பத்தி வேண்டும்

ஆவண எண், ஆண்டு, எழுதிக்கொடுத்த தேதி, ஆவணத் தன்மை, புல எண், மனை எண், அளவு, அளவின் அலகு, கைமாற்றுத் தொகை (பத்திரத்தில் எழுதிய விலை), சந்தை மதிப்பு (அரசு கணக்குப்படியான மதிப்பு), ரோடு அகலம், மூலை மனையா, குறிப்பு. அவ்வளவுதான். எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களை அடிக்காதீர்கள். விலைக்குத் தேவையில்லை, ஷீட்டை நாளைக்கு நாலு பேருக்கு அனுப்புவீர்கள், அடுத்தவர் சொத்து விவரத்தைப் பெயரோடு ஏன் சுற்றவிட வேண்டும்.

தேதியில் மூன்று இருக்கும்: எழுதிக்கொடுத்த நாள், தாக்கல் நாள், பதிவு நாள். முதலாவதை எடுங்கள், விலை பேசியதற்கு அதுதான் நெருக்கம்.

ரோடு அகலத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். சொத்து விவரத்தின் கீழே எல்லை விபரங்கள் என்று நான்கு திசைக்கும் எழுதியிருக்கும் அல்லவா, பெரும்பாலும் அதிலேயே இருக்கும். கிழக்கில் 30 அடி அகலத் தென்வடல் ரோடு, வடக்கில் 23 அடி ரோடு என்று இரண்டு திசையில் ரோடு வந்தால் அது மூலை மனை. யாரும் படிக்காத அந்த நாலு வரிதான் இந்த ஷீட்டிலேயே அதிகம் உதவியது. ஒரே லேஅவுட்டில் ஒரே மாதத்தில் நடந்த இரண்டு கிரையத்துக்கு ஏன் அவ்வளவு வித்தியாசம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன், எல்லையைப் படித்ததும் தெரிந்துவிட்டது. ஒன்று மூலை, இன்னொன்றின் பின்பக்கம் ஓடை.

அலகு விஷயம். சிலவற்றில் சதுரடி, சிலவற்றில் சென்ட், பட்டாவில் ஹெக்டேர், ஏர், சில இடங்களில் சதுர மீட்டர். எல்லாவற்றையும் சதுரடிக்குக் கொண்டுவர ஒரு பத்தி போடுங்கள். 1 சென்ட் 435.6 சதுரடி, 1 கிரவுண்ட் 2400 சதுரடி, 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1076 சதுரடி. சென்டை 436 என்று முழுசாக்கினால் மனைக்குப் பெரிய வித்தியாசம் வராது, ஏக்கர் கணக்குக்கு வரும். குழி, மா என்று வந்தால் ஊருக்கு ஊர் அளவு மாறும், உள்ளூர்ப் பத்திர எழுத்தரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தொகையை ரூ. 9,80,000/- என்று வில்லங்கத்தில் இருப்பது போலவே அடித்தால் ஷீட் அதை எண்ணாக எடுக்காது, எழுத்தாக நினைக்கும், கூட்டினால் பூஜ்யம் வரும். எப்படிக் கண்டுபிடிப்பது? எண் கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். இடப்பக்கம் நின்றால் தேடி மாற்று வசதியில் ரூ, புள்ளி, கமா, கடைசியில் வரும் கோடு எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள்.

6. எதைத் தூக்கிப் போடுவது

இங்கேதான் என் முதல் ஷீட் குப்பையானது. 61 வரிசை இருந்தது, எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போட்டு, விலை இவ்வளவுதான் என்று மார்தட்டிக்கொண்டு புரோக்கரிடம் போனேன். அவர் இரண்டு நிமிடத்தில் உடைத்துவிட்டார்.

வில்லங்கத்தில் வருவதெல்லாம் விற்பனை அல்ல. தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், அடமானம், பொது அதிகாரம், கிரைய உடன்படிக்கை எல்லாமே தொகையோடுதான் வரும். அப்பா மகளுக்கு எழுதிய செட்டில்மெண்டில் இருக்கும் தொகை விலையே அல்ல. ஆவணத் தன்மைப் பத்தியில் கிரையம் என்று இருப்பதை மட்டும் வடிகட்டி வையுங்கள். மற்றதை அழிக்க வேண்டாம், இன்னொரு தாளுக்கு மாற்றிவையுங்கள், ஏன் என்று அடுத்த பகுதியில் வரும்.

ஒரே பத்திரம் இரண்டு மூன்று புல எண்களில் திரும்பத் திரும்ப வரும். மனை இரண்டு உட்பிரிவில் விழுந்திருந்தால் இரண்டு வில்லங்கத்திலும் அதே ஆவணம் இருக்கும். ஆவண எண்ணையும் ஆண்டையும் ஒட்டி ஒரு பத்தி செய்து, அதில் இரட்டிப்பை நீக்குங்கள். ஆவண எண்ணை மட்டும் வைத்து நீக்காதீர்கள், அது ஒவ்வொரு வருடமும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

பல அட்டவணை உள்ள பத்திரங்கள் இன்னொரு தலைவலி. ஒருவர் மூன்று மனையைச் சேர்த்து வாங்கியிருப்பார், தொகை மூன்றுக்கும் சேர்த்து ஒன்று, அளவு அட்டவணைக்கு ஒன்றாகத் தனித்தனியே. முதல் அட்டவணையின் அளவை மட்டும் எடுத்து வகுத்தால் சதுரடி விலை மூன்று மடங்கு வரும். என்னுடைய ஷீட்டில் வானத்தைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு வரிசை இப்படித்தான் வந்தது.

அப்புறம் பிழைதிருத்தல் பத்திரம். ஒரு கிரையத்துக்குப் பின்னால் திருத்தல் ஒன்று வந்திருந்தால், அதில் அளவு மாறியிருக்கிறதா என்று ஆவணக் குறிப்பைப் படியுங்கள். ரத்துப் பத்திரம் வந்திருந்தால் கிரையத்தையே எடுத்துவிடுங்கள்.

வீடு கட்டிய மனைகளைத் தனியே வையுங்கள், தொகையில் கட்டடமும் இருக்கும். அடுக்குமாடி வீடுகளைச் சேர்க்கவே வேண்டாம். அங்கே அளவு என்று இருப்பது நிலத்தில் பிரிபடாத பங்கு, அதிலும் 2023 டிசம்பருக்கு முன்னும் பின்னும் பதிவு முறையே வேறு.

இவ்வளவும் எடுத்த பிறகு என் 61 இல் மிஞ்சியது 23.

7. எழுதிய விலையா, கொடுத்த விலையா

அந்த 23 ஐயும் அப்படியே நம்பக் கூடாது. கைமாற்றுத் தொகையும் சந்தை மதிப்பும் ரூபாய் சுத்தமாக ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 1400 சதுரடி மனை, கைடுலைன் (அரசு நிர்ணயித்த மதிப்பு) சதுரடிக்கு 700 ரூபாய், பத்திரத்தில் 9,80,000 என்று இருந்தால் அது பேசிய விலை அல்ல, கைடுலைனுக்குப் பெருக்கி எழுதிய விலை. கைடுலைன் மதிப்பை அதே தளத்தில் தெரு வாரியாகவோ புல எண் வாரியாகவோ இலவசமாகப் பார்க்கலாம். ஒரு பத்தியில் அதை மனையின் சதுரடியால் பெருக்கிப் போட்டு, தொகையை அதால் வகுத்து, சரியாக 1 என்று வருபவற்றுக்கு மஞ்சள் நிறம் அடியுங்கள். என்னுடையதில் பாதிக்கு மேல் மஞ்சள்.

கைடுலைன் மாறிய தேதிகளையும் ஷீட்டின் மேலே குறித்து வையுங்கள். 2017 ஜூன் 9 இல் 33 சதவீதம் குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கு ஏற்றினார்கள், 2024 ஜூலையில் மறுபடி மாற்றினார்கள். மஞ்சள் வரிசைகளை வைத்து வரைபடம் போட்டால் அந்தந்த மாதத்தில் விலை குபீரென்று ஏறியது போலத் தெரியும். ஏறியது சந்தை அல்ல, அரசாங்கத்தின் எண்.

50 லட்சத்தை ஒட்டியும் கவனம். 50 லட்சம் அல்லது அதற்கு மேல் போனால் வாங்குபவர் ஒரு சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும், அதனால் 49 லட்சத்துச் சொச்சம் என்று இருக்கும் பத்திரத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

சரி, மஞ்சள் எல்லாம் பொய் என்றால் நிஜத்துக்கு எங்கே போவது? இப்போது அந்த ஒதுக்கிவைத்த தாளை எடுங்கள். கிரையத்துக்கு அடுத்த ஆவண எண்ணில், அதே நாளில், உரிமை ஆவண ஒப்படைப்பு என்று ஒன்று இருக்கிறதா? அது வங்கிக் கடன். எவ்வளவு கடன் என்று தொகையும் இருக்கும். மேலே சொன்ன 9,80,000 மனைக்கு அடுத்த வரியிலேயே 16 லட்சம் கடன் இருந்தது. பத்து லட்சம் மனைக்கு எந்த வங்கியும் பதினாறு லட்சம் தராது. வீட்டுக் கடனில் 30 லட்சம் வரை மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது, மனைக்கு மட்டும் என்றால் வங்கிகள் இன்னும் குறைவாகத்தான் தரும்.

ஆனால் துள்ளிக் குதிக்காதீர்கள், நான் குதித்தேன். கடன் மனைக்கும் வீடு கட்டுவதற்கும் சேர்த்து வாங்கியதாக இருக்கலாம், அதை வில்லங்கத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. நேரில் போய்ப் பார்த்தேன், அந்த மனையில் அஸ்திவாரம் போட்டிருந்தார்கள். 16 லட்சத்தில் எவ்வளவு மண்ணுக்கு, எவ்வளவு செங்கல்லுக்கு என்று யாருக்குத் தெரியும். இன்னும் காலியாகக் கிடக்கும் மனையில் கடன் இருந்தால் அது கொஞ்சம் நல்ல தடயம். கைடுலைனைவிட அதிகத் தொகை எழுதிய பத்திரங்கள்தான் இருப்பதிலேயே நம்பகமானவை, கூடுதல் முத்திரைத் தீர்வை கட்டி விலையை வேண்டுமென்றே ஏற்றிப் பெரும்பாலும் யாரும் எழுத மாட்டார்கள். அவற்றுக்குப் பச்சை அடியுங்கள். எனக்குப் பச்சை எட்டுதான் தேறியது. அந்த எட்டை வைத்துத்தான் மீதிக் கணக்கு.

8. கணக்கு

கைமாற்றுத் தொகையைச் சதுரடியால் வகுங்கள். பச்சை வரிசைகளை மட்டும் வடிகட்டி, சராசரி போடாமல் மீடியன் போடுங்கள், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண். எட்டுப் பத்திரத்தில் ஒருவர் பக்கத்து மனைக்காரர் என்பதால் இரண்டு மடங்கு கொடுத்து வாங்கியிருந்தால் சராசரி அவர் பின்னால் ஓடிவிடும், மீடியன் அசையாது. கூகுள் ஷீட்டின் பிவட் டேபிளில் (வரிசைகளைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) மீடியன் நேரடியாகவே இருக்கிறது. எக்செலின் சாதாரணப் பிவட்டில் இல்லை, அங்கே ஃபில்டர் ஃபங்ஷனுக்குள் வருடத்தைக் கொடுத்து வெளியே மீடியனைச் சுற்ற வேண்டும், பழைய எக்செலில் அந்த ஃபில்டரும் கிடையாது. அதனால் புதிதாகத் தொடங்குபவர்கள் கூகுள் ஷீட்டிலேயே செய்யுங்கள்.

எட்டை வருடத்துக்கு ஒன்று, ரோட்டுக்கு ஒன்று என்று மேலும் மேலும் உடைக்காதீர்கள். ஒரு கட்டத்தில் இரண்டே இரண்டு பத்திரம் இருந்தால் அதில் மீடியன் போட்டு என்ன ஆகப் போகிறது. நான் மிகக் குறைந்தது, நடு, மிக அதிகம் என்று மூன்று எண் மட்டும் எடுத்தேன், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த மனை, எத்தனை அடி ரோடு, எப்போது என்று எழுதினேன். என் மனை 23 அடி ரோட்டில், மூலை இல்லை, அதனால் நடுவுக்குக் கொஞ்சம் கீழே என்று பேசத் தொடங்கினேன்.

9. மொத்தச் செலவையும் அதே ஷீட்டில்

விலையை மட்டும் பார்த்து வந்தவர்கள் பதிவு நாளன்று பணத்துக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். கைடுலைன், பேசிய தொகை இரண்டில் எது அதிகமோ அதன்மேல். 20 லட்சம் மனைக்கு 1,80,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. பத்திர எழுத்தர் கூலி, வக்கீல் கருத்துரை, கடன் என்றால் ஒப்படைப்புப் பத்திரச் செலவு, இவற்றுக்கும் தலா ஒரு வரிசை ஒதுக்குங்கள். கைடுலைனுக்குக் குறைத்து எழுதலாம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை என்று பத்திரத்தில் இருக்கும் தொகைதான் கணக்கில் வரும், லாபம் பெரிதாகத் தெரியும், வரி உங்கள் தலையில்.

10. எப்போது செய்வது

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன். இதைவிட முக்கியமான தேதி இல்லை. கொடுத்த பிறகு ஷீட் போட்டால் மனசுதான் கஷ்டப்படும். தேட ஒரு மாலை, அடிக்க இரண்டு, பிரிக்க ஒன்று, நேரில் போய் நாலு மனையைப் பார்த்துவர ஒரு ஞாயிறு, ஆக ஒரு வாரம் ஒதுக்கினால் போதும். புரோக்கர் நாளைக்கே வேறு பார்ட்டி வருகிறது என்பார், எனக்கு மூன்று வாரமும் அந்தப் பார்ட்டி வந்துகொண்டே இருந்தது.

இரண்டாம் தடவை போனபோது எட்டு வரிசையை மட்டும் ஒரு தாளில் அச்சடித்துக்கொண்டு போனேன். மனைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். நாலாவது வரிசையில் விரலை வைத்து, இது என் மச்சான் விற்றது, அவசரத்துக்குக் கொடுத்தான், இதைச் சேர்க்காதீர்கள் என்றார். அங்கேயே பேனாவால் அடித்துவிட்டு, மீதி ஏழை வைத்துப் பேசினோம்.